வயிற்றுக்குள் ஓர் ஆல்பேட்டை செக்போஸ்ட்

தமிழில் எழுதினால் IPS, IBS இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சொல்லப்போகும் ஐபிஎஸ் காக்கிச்சட்டை இல்லை, குடல் எரிச்சல் நோய். ஆனால் கதையில் போலீஸ் வரும்.

கடலூர் திருப்பாப்புலியூரில் எனக்கு ஒரு நண்பர். 2015 வெள்ளம் வடிந்த கையோடு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. அது நின்றது, ஆனால் வயிறு பழைய வயிறாகவில்லை. பால் டீ குடித்தால் கடமுடா, புதுச்சேரி பஸ் ஏறுவதற்குள் இரண்டு தடவை கழிப்பறை, அப்புறம் சுருட்டிப் பிடிக்கும் வலி. ஸ்கேன், ரத்தம், கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

குடலின் உள்பூச்சு ஒரே ஒரு செல் தடிமன்தான், அதுவும் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாகிவிடும். செல்களுக்கு நடுவே கிளாடின், ஆக்லூடின் என்ற புரதங்கள் தையல் போட்டு வைத்திருக்கின்றன. சத்தும் தண்ணீரும் உள்ளே போகலாம், கிருமி போகக் கூடாது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் வண்டியை ஆல்பேட்டை செக்போஸ்டில் நிறுத்தி, சாராயம் இருக்கிறதா என்று பையைத் துழாவுவார்களே, அந்த வேலை.

சுவருக்குப் பின்னால் நிற்கிற போலீஸ்களில் ஒன்று மாஸ்ட் செல் என்ற நோய் எதிர்ப்பு செல். 1878-ல் பெயர் வைத்த ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக், உள்ளே மணி மணியாக நிறைந்திருந்ததைப் பார்த்து நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று நினைத்துவிட்டார். அது தின்ற சோறு இல்லை, சேர்த்து வைத்த ரசாயனங்கள்: ஹிஸ்டமின், டிரிப்டேஸ். டிரிப்டேஸ் அந்தத் தையலைத் தளர்த்தும், ஹிஸ்டமின் பக்கத்து நரம்பை உசுப்பும். உசுப்பிவிட்ட நரம்புக்குச் சாதாரண வாயு நகர்ந்தாலும் வலிதான். மாஸ்ட் செல்கள் நரம்பை ஒட்டி அதிகம் நின்றவர்களுக்கு வலியும் அதிகம் என்று 2004-ல் இத்தாலியின் போலோன்யா ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொலோனோஸ்கோபி கேமராவுக்கு இதெல்லாம் தெரியாது.

சரி, பால் எப்படிக் குற்றவாளி ஆனது? 2021-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில், குடல் தொற்று இருந்த எலிகளுக்கு அதே சமயம் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தையும் கொடுத்தார்கள். தொற்று போன பிறகும் அந்தப் புரதம் வந்தாலே எலிகளுக்கு வயிற்று வலி. சாராயம் கடத்தியவனைப் பிடிக்கும்போது பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர் பேரையும் எழுதிக்கொண்டு, அவர் எப்போது பஸ் ஏறினாலும் இறக்கிச் சோதிப்பது மாதிரி. அந்தப் 'பேர்' ஐஜிஈ என்ற எதிர்ப்புப் பொருள், அதுவும் குடல் சுவரில் மட்டும், அதனால் வழக்கமான அலர்ஜி டெஸ்டில் சிக்காது. பிறகு ஐபிஎஸ் உள்ள 12 பேரின் குடல் சுவரில் கோதுமை, சோயா, பால் போன்றவற்றைச் செலுத்திப் பார்த்தபோது 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது வீக்கம் வந்தது, நலமாயிருந்த 8 பேரில் இரண்டே பேருக்கு.

மனசு என்று சொன்னது முழுப்பொய்யும் இல்லை. அதே லூவனில் 2014-ல் நலமாயிருந்த தன்னார்வலர்களைச் சபை முன் பேசவிட்டுச் சோதித்தபோது, பதற்ற ஹார்மோன் ஏறியவர்களுக்குச் சிறுகுடலின் கசிவு கூடியது, மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்தால் கூடவில்லை. ஆக மனசும் இந்தப் போலீஸ் வழியாகத்தான் வயிற்றுக்கு வருகிறது.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, காய்ச்சல் இருந்தால் இந்தக் கதையை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள், அது வேறு கணக்கு.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "அப்போ டீ?" என்றார். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள் என்றேன். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை சேரவில்லையா, மாஸ்ட் செல்லா என்பது அதில் தெரியாது. பால்தானா என்பதாவது தெரியும்.