சக்கரா, விக்கா, கன்னா: ஈயம் எடுக்கும் கருவி வாங்கும் முன்

கெட்டுப்போன கெப்பாசிட்டர் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். அதைக் கழற்றும்போது போர்டிலிருந்து பெயர்ந்து வரும் டிராக்கை (செம்புப் பாதையை) எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சென்னை ரிச்சி தெருவில், ஈயத்தை (சால்டரை) உருக்கிப் பம்ப்பால் உறிஞ்சும் டிசால்டரிங் கன்னை விலை கேட்பதற்கு முன், மேசையில் இருக்கும் போர்டைத் திருப்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: காப்பாற்ற வேண்டியது போர்டையா, பார்ட்ஸையா?

பார்ட்ஸ் குப்பைக்குத்தான் போகிறது என்றால் ஈயம் எடுக்கும் கருவியே அவசியமில்லை, கட்டர் போதும். 16 கால் ஐசி என்றால் உடம்பை ஒட்டி ஒவ்வொரு காலாக நறுக்கி, உடம்பை எடுத்துப் போட்டுவிடலாம். நிற்கிற காலை ட்வீசரில் பிடித்துக்கொண்டு சால்டரிங் அயர்னால் தொட்டால் இழுக்காமலே வந்துவிடும். துளையில் மிச்சமிருக்கும் ஈயத்துக்கு மட்டும் சக்கர், அதாவது ஸ்பிரிங் வைத்த கை உறிஞ்சி. 16 கால்களையும் முழுசாக விடுவிக்கிறேன் என்று அரை மணி நேரம் போர்டைச் சுடுவது, வேறு ஸ்பேர் கிடைக்காத ஐசிக்கு மட்டுமே நியாயம்.

அடுத்து போர்டின் ஜாதி. மிக்ஸி, ஸ்டெபிலைசர், பழைய டிவியில் வரும் பழுப்பு நிற ஒற்றைப் பக்க போர்டில் செம்பு வெறும் பசையில்தான் ஒட்டியிருக்கிறது. சூடு நீடித்தால் பசை விட்டுக்கொடுக்கும், பேட் (காலை ஈயம் வைத்துப் பிடிக்கும் செம்புத் திட்டு) தூக்கிவிடும். ஆனால் துளைக்குள் ஈயம் இறங்கியிருக்காது என்பதால் சாதாரண சக்கரே வேலையை முடித்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் போர்டுகளில் பல இரட்டைப் பக்கம். துளையின் உள்சுவரிலும் செம்புப் பூச்சு உண்டு, ஈயம் மேலிருந்து கீழ்வரை நிரம்பி நிற்கும். அது முழுக்க உருகாமல் காலைப் பிடித்து இழுத்தால் உள்சுவரும் சேர்ந்து வரும். வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும், மேல் டிராக்குக்கும் கீழ் டிராக்குக்கும் மட்டும் தொடர்பு இருக்காது. அந்தப் பழுதைத் தேடுவதைவிட முதல் பழுதே மேல்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியிருக்கும் வீடுகளின் போர்டுகளில் இன்னொரு சங்கடம். உப்புக் காற்று பட்டுப் பட்டு ஈயத்தின் மேல் மங்கலான படலம் படிந்திருக்கும், கால் ஓரங்களில் பச்சை பூத்திருக்கும். அந்தப் படலத்தின் மேல் டிப்பை வைத்தால் சூடு உள்ளே இறங்காது. உருகவில்லையே என்று வெப்பத்தை 450 டிகிரிக்கு ஏற்றுவார்கள். ஈயத்துக்கு முன்னால் பேட் கிளம்பிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்துவிட்டு, ஈயம் படிந்து ஓட உதவும் ராசின் ஃபிளக்ஸ் தடவி, புதிதாகக் கொஞ்சம் 63/37 ஈயத்தை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) அதன் மேலேயே வைக்க வேண்டும். எடுக்க வந்த இடத்தில் ஈயம் சேர்ப்பதா என்று தோன்றும். ஆனால் காரணம் இருக்கிறது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் ஈயம் கலந்த சால்டருக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, பெரிய கம்பெனிகளின் போர்டுகள் பெரும்பாலும் ஈயமில்லாத சால்டருக்கு மாறிவிட்டன. அந்த வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவை உருக 217 டிகிரி வேண்டும், 63/37க்கு 183 போதும். இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கும், உள்ளே வரை ஓடும். அயர்ன் 350 டிகிரியில் இருந்தால் தாராளம்.

இப்போது சக்கர். சில நூறு ரூபாய்ச் சாமான், ஆனால் அதைச் சரியாகப் பிடிக்கத் தெரியாததால்தான் பலர் கன் பக்கம் ஓடுகிறார்கள். டிப்பை ஒரு பக்கம் வைத்து, ஈயம் முழுசாக உருகிப் பளபளத்து, கால் லேசாக ஆட ஆரம்பித்த பிறகுதான் பட்டனை அமுக்க வேண்டும். இரட்டைப் பக்க போர்டில் ஒரு பக்கம் அயர்ன், எதிர்ப்பக்கம் சக்கர் என்று வைத்தால் துளை ஒரே இழுப்பில் காலியாகும். 3 விநாடியில் முடிய வேண்டிய வேலை. 5 ஆகிவிட்டால் விட்டுவிட்டு ஆறவைத்து, மறுபடி ஈயம் சேர்த்து ஆரம்பிப்பது நல்லது. அரைகுறையாக உறிஞ்சிய துளையை வெறுமனே சுட்டுக்கொண்டிருந்தால் சூட்டைக் கடத்த அங்கே ஒன்றுமே இருக்காது. ஸ்பிரிங் தெறிக்கும்போது மூக்கு பேடில் மோதும், அதில் பேட் பெயர்வதும் உண்டு. மூக்கில் ஒரு சென்டிமீட்டர் சிலிக்கான் டியூப் செருகிவிட்டால் அடியும் விழாது, இடைவெளி இல்லாமல் உட்காருவதால் இழுப்பும் கூடும். இழுப்பு குறைந்துவிட்டது என்று புது சக்கர் வாங்குவதற்கு முன் கழற்றி உள்ளே இருக்கும் தூளைத் தட்டி, ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) துளி சிலிக்கான் கிரீஸ் தடவிப் பாருங்கள்.

கிரவுண்ட் கால் மட்டும் எதற்கும் மசியாது. அகலமான செம்புத் தகடு சூட்டையெல்லாம் குடித்துவிடும், 25 வாட் அயர்ன் அங்கே திணறும். ஊசி டிப்பைக் கழற்றிவிட்டு உளி டிப் போட்டு, ஹாட் ஏரால் (சூடான காற்று ஊதும் கருவியால்) அந்தப் பகுதியை 100 டிகிரி அளவுக்கு முன்கூட்டியே சூடாக்க வேண்டும். கன்னுக்காகச் சேர்த்த பணம் இருந்தால் முதலில் வெப்பக் கட்டுப்பாடுள்ள 60 வாட் ஸ்டேஷன் வாங்குவதுதான் எங்கள் பரிந்துரை. சூடு போதாத இடத்தில் எந்த உறிஞ்சியும் உதவாது.

விக் என்பது ஈயத்தைக் குடித்துக்கொள்ளும் செம்புப் பின்னல். அது துளைக்கு அல்ல, தட்டையான பேடைச் சுத்தம் செய்ய. 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் அகலம் பொதுவான வேலைக்குப் போதும். நம் ஊர்க் காற்றில் திறந்துவைத்தால் செம்பு கறுத்துவிடும், கறுத்த விக் ஈயம் குடிக்காது. ஜிப் கவரில் போட்டு வையுங்கள். மலிவு விக்கில் ஃபிளக்ஸே இல்லாமலும் வரும், நீங்களே தடவிக்கொள்ளலாம். டப்பாவில் வரும் அமிலப் பேஸ்டை மட்டும் தொடாதீர்கள்: மிச்சம் தங்கி, ஈரத்தோடு சேர்ந்து, ஆறு மாதத்தில் அதே இடம் பச்சையாகும். எடுக்கும்போது விக்கையும் அயர்னையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அயர்ன் முதலில் போனால் விக் பேடோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் பேடும் வரும். தேய்ப்பதும் கூடாது.

துளையில்லாமல் பேடின் மேலேயே உட்காரும் எஸ்எம்டி ஐசிக்கு ஹாட் ஏர்தான், அதில் விவாதமில்லை. பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டருக்குச் சூடு தாங்கும் காப்டன் டேப் ஒட்டிவிடுங்கள். மழைத் தண்ணீரில் நனைந்த போர்டு என்றால் நன்றாக உலர்த்திய பிறகே சூடு காட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிப் போர்டை உப்பவைக்கும். பிஸ்மத் கலந்த குறைசூட்டு சால்டர் வைத்தால் கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விடும், சுலபம்தான். ஆனால் அது பழைய ஈயத்தோடு கலந்து மிஞ்சினால் 100 டிகிரிக்குக் கீழேயே உருகும் கலவை உண்டாகலாம். பவர் சப்ளை போர்டில் அப்படி விட்டுவைத்தால் ஓடும்போதே இணைப்பு கழன்றுவிடும். விக் வைத்து இரண்டு முறை துடைத்தெடுத்த பிறகே புது ஈயம்.

இத்தனைக்கும் பிறகு, தினமும் 20, 30 கால் கனெக்டர், ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் கழற்றுகிற கடைக்குக் கன் நிச்சயம் தேவை. பல ஆயிரம் ரூபாய் போடுவதால் மூன்றைப் பாருங்கள். நாசில் 0.8, 1.0, 1.3 மில்லிமீட்டர் என்று தனித்தனியாக உள்ளூரில் கிடைக்க வேண்டும். உள்விட்டம் காலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் சுற்றிலும் ஈயம் வரும். ஃபில்டரும் அப்படியே, அடைத்த ஃபில்டர் பம்ப்பைக் கொல்லும். மூன்றாவது வோல்ட்டேஜ்: ஹக்கோ எஃப்ஆர்-301 போன்ற நல்ல கன்களில் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான 100 வோல்ட் மாடலும் உண்டு. 230ல் செருகினால் அன்றோடு சரி. லேபிளைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பவர் போர்டில் எந்தக் கருவியை வைப்பதற்கு முன்பும் பெரிய கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பாருங்கள். 230 வோல்ட் ஏசி அங்கே சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். வீட்டு முன்னறையில் வேலை செய்பவர்கள் சக்கரைத் தட்டும் இடத்தையும் கவனிக்க வேண்டும். புகையில் வருவது பெரும்பாலும் ஃபிளக்ஸ், அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஈயம் இருப்பது அந்தச் சாம்பல் தூளில். தரையில் தட்டாமல் மூடியுள்ள டப்பாவில் தட்டி, மேசையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, டீ கிளாஸைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். டப்பா நிறைந்ததும் காயலான் கடைக்குப் போடாமல், மின்கழிவு வாங்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.