ஆதரைசேஷன்: நோயாளி தரும் இசைவாணை

ஒருவருடைய மருத்துவ ஆவணங்களை வேறொருவருக்கு வழங்குமுன் மருத்துவமனை அவரிடம் கையொப்பம் பெறும் படிவம் ஆங்கிலத்தில் ஆதரைசேஷன் எனப்படுகிறது. இலத்தீன் மொழியில் 'ஆக்டர்' (auctor) என்பது ஒன்றைத் தோற்றுவித்து அதற்குப் பொறுப்பேற்பவரைக் குறிக்கும். நூலாசிரியரைச் சுட்டும் 'ஆதர்', அதிகாரத்தைச் சுட்டும் 'அதாரிட்டி' ஆகியவையும் அந்த வேரில் கிளைத்தவையே. படிவத்தை எழுதித் தருவது மருத்துவமனை என்பதால் அதிகாரமும் அதனுடையது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதிகாரத்தின் தோற்றுவாய் நோயாளி என்பதை வேர்ச்சொல்லே சொல்லிவிடுகிறது.

இச்சொல்லுக்கு இத்துறையில் கறாரான வரையறை தந்தது, அமெரிக்காவில் 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா (HIPAA) என்னும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், நோயாளியின் தகவலைக் காக்க வந்த தனியுரிமை விதி. சிகிச்சை, கட்டணம், மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றுக்காகத் தகவலைப் பயன்படுத்த ஆதரைசேஷன் பொதுவாகத் தேவையில்லை. அங்கே 'கன்சென்ட்', அதாவது நோயாளியின் பொதுவான சம்மதம், பெறுவதுகூட மருத்துவமனையின் விருப்பமே. ஆனால் வேலை தருபவரோ ஆயுள் காப்பீட்டு நிறுவனமோ ஆவணம் கேட்டால் நிலை வேறு. எந்தத் தகவல், யார் தருவது, யாருக்கு, எதற்காக, எந்த நாள் அல்லது நிகழ்வு வரை என்பவை எளிய நடையில் எழுதப்பட்டு, கையொப்பமும் தேதியும் இடப்பட்டிருந்தால்தான் அப்படிவம் செல்லும். உளவியல் சிகிச்சையாளர் தனியே வைத்திருக்கும் குறிப்புகளுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, தனிப் படிவமே வேண்டும். சட்டமே வெளியிடச் சொல்லும் இடங்கள் இந்த ஏற்பாட்டுக்குப் புறம்பானவை.

தமிழில் இதை 'அங்கீகாரம்' என்பது பொருந்தாது. அது ஒரு பள்ளிக்கு அரசு தரும் ஏற்பு போன்றது, மேலிருந்து கீழே வருவது. 'ஒப்புகை' பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. 'ஒப்புதல்' பரவலாக வழங்கினாலும், மேலதிகாரி கோப்பில் இடும் ஒப்புதலும் அதுவே என்பதால் நோயாளியின் குரல் அதில் மங்கிவிடுகிறது. 'கன்சென்ட்' என்பதற்கு 'இசைவு' மிக அழகாகப் பொருந்துகிறது: இலத்தீன் மூலத்தில் உடன் உணர்தல், தமிழில் மனம் இசைதல்.

ஆதரைசேஷனில் இசைதலோடு ஆணையிடுதலும் உண்டு என்பதால் 'இசைவாணை' என்பதையே நான் பரிந்துரைப்பேன். அலுவலகத் தமிழில் இச்சொல் அரசு வாரியம் தொழிற்சாலைக்குத் தரும் அனுமதியைக் குறிக்கிறது. இங்கோ தருபவர் நோயாளி. படிவத்தின் தலைப்பில் 'நோயாளியின் இசைவாணை' என்று உடைமையையும் சேர்த்து எழுதினால் குழப்பம் நேராது. 'ரிவோக்கேஷன்' என்பதை 'இசைவாணையைத் திரும்பப் பெறுதல்' எனலாம். நோயாளி அதை எழுத்து மூலம் எப்போதும் செய்யலாம், ஆயினும் அதற்குள் அந்த ஆணையை நம்பி வழங்கப்பட்டுவிட்ட ஆவணங்களை அது கட்டுப்படுத்தாது.