நிலக்கடலை எங்கே காய்க்கிறது?

குழந்தைகளுக்கான உணவு ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் பலர், எந்தக் காயில் என்ன சத்து இருக்கிறது என்பதைத் தங்கள் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுமாறு கேட்கிறார்கள். அந்தப் பாடத்தைப் பிள்ளை பெரும்பாலும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கும். கேரட்டில் வைட்டமின் ஏ, கீரையில் இரும்புச்சத்து என்று பிசகாமல் ஒப்பித்துவிட்டு, வீட்டில் அதே கேரட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும். சத்துகளின் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உணவு விளையும் இடத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் தரும் முதல் ஆலோசனை.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை, பழக்கமில்லாத உணவைக் கண்டு தயங்குவது குழந்தையின் இயல்பு. ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்வதற்குப் பல குழந்தைகளுக்குப் பத்து முறைகூட அதனுடன் பழக வேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் நாளே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். ‘பொரியலைச் சாப்பிட்டால் சாக்லேட்’ என்ற பேரம் இன்னும் மோசம். பொரியல் தண்டனை, சாக்லேட் வெகுமதி என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. தொட்டு, முகர்ந்து, உரித்துப் பழகிய காய் தட்டில் வரும்போது அந்தத் தயக்கம் குறைகிறது.

பள்ளிகளுக்குப் பேசச் செல்லும்போது, கிடைக்கும் பருவமானால், வேரோடு பிடுங்கிய நிலக்கடலைச் செடியை எடுத்துச் செல்வேன். கடலை எங்கே காய்க்கும் என்று கேட்டால் சில பிள்ளைகள் மரத்தில் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் வேரில் என்பார்கள். உண்மையில் அதன் மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஊசிபோல ஒரு விழுது கீழ்நோக்கி நீண்டு மண்ணுக்குள் இறங்க, அந்த விழுதின் நுனியே காயாகத் திரள்கிறது. விழுது எளிதாக இறங்குவதற்காகத்தான் விவசாயிகள் செடிக்கு மண் அணைக்கிறார்கள் என்று சொன்னதும், பின்வரிசைப் பிள்ளைகளும் எழுந்து வந்து செடியைப் பார்ப்பார்கள். நூறு கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு என்பதை அதன்பிறகு சொன்னால் போதும். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுப் பருப்பாகத் தரக் கூடாது, அது மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். வகுப்பில் யாருக்கேனும் கடலை ஒவ்வாமை உண்டா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு முளைக்கீரை போதும். வெயில் படும் இடத்தில் ஓர் அகலமான தொட்டியில் விதை தூவினால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறித்துவிடலாம். தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையை ஒரு வாயாவது ருசி பார்க்காமல் இருக்கும் பிள்ளைகள் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்ததால், கீரையுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வதையும், சாப்பாட்டை ஒட்டித் தேநீர் கொடுக்காமல் இருப்பதையும் நான் வலியுறுத்துகிறேன். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். தேநீர் அதைத் தடுக்கும்.

காய் வாங்கும் பொறுப்பில் ஒரு பங்கைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தன்றுதான் திறக்கப்பட்டது! விளைவித்தவரிடமே ‘இதை எப்போது நட்டீர்கள்?’ என்று கேட்க அங்கே வாய்ப்பு உண்டு.

பொட்டல உணவுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். உறையில் உள்ள சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருளே முதலில் இடம்பெறும் என்பதை எட்டு வயதுப் பிள்ளை எளிதில் புரிந்துகொள்ளும். நூறு மில்லிக்குப் பத்து கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தால், 300 மில்லி பாட்டிலுக்கு ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையைப் பிள்ளையே ஒரு டம்ளரில் அளந்து போடட்டும். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. உங்கள் பள்ளியில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.