கடற்காகம் பறந்த தூரம்

மண்டபம் பகுதியில் பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் முடிவுறாப் பெருக்குத் தொடர் (ஒவ்வொரு உறுப்பும் முந்தையதின் அதே மடங்காக, முடிவின்றி நீளும் கூட்டல்) வந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் போடுவேன். பாக் நீரிணையில் இரண்டு வல்லங்கள் 20 கி.மீ. இடைவெளியில் எதிரெதிரே வருகின்றன. ஒவ்வொன்றும் மணிக்கு 10 கி.மீ. ஒரு கடற்காகம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்து, தொட்டதும் திரும்பி, மறுபடியும் பறக்கிறது. வல்லங்கள் சந்திக்கும்வரை அது பறந்த தூரம் எவ்வளவு?

சந்திக்க ஒரு மணி நேரம். ஆகவே 30 கி.மீ. இதோடு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போவதுதான் ஆசிரியர்களான நாம் செய்யும் பிழை. மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "பறவை கணக்கில்லாத தடவை திரும்புகிறதே, சார். அத்தனையையும் கூட்டினால் எப்படி 30-இல் நிற்கும்?" என்று கேட்டான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவஞானி ஜீனோவை அலைக்கழித்த, 'முடிவில்லாத துண்டுகளைக் கடந்து எப்படி ஓர் இடத்தை அடைவது?' என்ற சந்தேகத்தின் உடன்பிறப்பு இது. அதட்டி உட்கார வைக்கவே கூடாது.

அவன் கையில் 30 செ.மீ. அளவுகோலைக் கொடுத்தேன். ஒரு செ.மீ. என்பது ஒரு கி.மீ. முதல் பறப்பு 15. அதற்குள் வல்லங்களின் இடைவெளி பாதியாகி 10 ஆகிவிடும். அதனால் அடுத்த பறப்பும் பாதி, 7.5. பிறகு 3.75. புள்ளிகள் 15, 22.5, 26.25 என்று நகர்ந்தன. ஒவ்வொரு புள்ளியும் மீதியில் சரிபாதியை எடுத்துக்கொள்கிறது. எட்டாவது புள்ளிக்குப் பின் மிச்சம் ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும்; பென்சில் முனைக்கு இடமில்லை. எத்தனை புள்ளி வைத்தாலும் 30-ஐத் தாண்டாது, ஆனால் 30-க்கு எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் போகலாம். ஒருங்கும் தொடர் என்றால் இதுதான்.

உடனே அவன், "சிறுத்துக்கொண்டே போனால் எல்லாத் தொடரும் நின்றுவிடுமா?" என்றான். கல்லூரி மாணவர்களே இங்கு வழுக்கி விழுகிறார்கள். 15-ஐ 1, 2, 3, 4 என வரிசையாக வகுக்கச் சொன்னேன்: 15, 7.5, 5, 3.75. முதல் இரண்டு புள்ளிகள் பழைய இடத்திலேயே விழுந்தன. நான்காவது, அளவுகோலுக்கு வெளியே 31.25-இல்!

நீளமான அளவுகோலும் போதாது. 15-ஐ வெளியே எடுத்துவிட்டு 1, 1/2, 1/3 என்று மட்டும் பாருங்கள். 1/3-உம் 1/4-உம் சேர்ந்தால் அரைக்கு மேல்; 1/5 முதல் 1/8 வரை சேர்த்தாலும் அரைக்கு மேல்; அடுத்த எட்டும் அப்படியே. இப்படி அரை அரையாக முடிவின்றிச் சேர்வதால் எந்த அளவுகோலையும் தாண்டிவிடும். 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அறிஞர் நிக்கோல் ஒரேம் காட்டிய வழி இது. ஆனால் 1 + 1/2 + 1/3 என்று 10,000 உறுப்புகள் கூட்டினாலும் 10 வராது. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, நின்றுவிட்டது என்று எழுதுபவர்கள் ஏமாறுவது இந்த மந்தநடையில்தான்.