குயில் தின்றால் நீங்களும் தின்னலாமா?

போன வாரமும் ஒரு பையன் வந்தான். ஏற்காடு மலை அடிவாரத்தில் குடும்பத்தோடு பறவை பார்க்க இறங்கியிருக்கிறார்கள், மஞ்சள் அரளியில் குயில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்ததாம், கழுத்தில் பைனாகுலர் மாட்டியிருந்த மாமா ஒருவர் "குயிலே தின்னுது, ஒண்ணும் பண்ணாதுடா" என்று அருள்வாக்கு சொல்ல, பையன் பறித்து வாயில் போட்டுவிட்டான். மலை ஏறும்போது வாந்தி. கொண்டை ஊசி வளைவுதான் காரணம் என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து ஏரி வரைக்கும் கூட்டிப்போயிருக்கிறார்கள். சேலத்துக்கு இறக்கி எங்களிடம் கொண்டுவந்தபோது நாடித்துடிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. பிழைத்துக்கொண்டான். மாமாவைத்தான் அன்று நான் கொஞ்சம் கடிந்து பேசிவிட்டேன்.

பறவை தின்றால் நமக்கும் ஆகும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? குயில் மஞ்சள் அரளிப் பழம் தின்னும், உண்மைதான். பழத்தை விழுங்கிவிட்டுப் பெரிய கொட்டையைக் கக்கிவிடும். நம் பிள்ளை அந்தக் கொட்டையைக் கடித்துப் பார்க்கிறான். சரி, சதையை மட்டும் தின்றால்? அதிலும் விஷம் உண்டு, குயிலுக்கு ஒத்துக்கொள்கிறது, நமக்கு இல்லை. கிளி பச்சை மிளகாயைக் கண்ணில் தண்ணீர் வராமல் தின்கிறதே, நீங்கள் அப்படித் தின்று காட்டுங்கள் பார்க்கலாம். "புழு அரிச்சிருக்கு டாக்டர், விஷம்னா புழு சாகாதா?" என்பார்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்றேதான் வளர்கிறது, அதற்காக எருக்கிலையைப் பொரியல் செய்வீர்களா?

அடுத்தது செங்காந்தள். மழைக்காலத்தில் வேலியோரம் தீ மாதிரி பூத்திருக்கும், நம் மாநிலப் பூ, சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன பூ. போட்டோ எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். கிழங்கைத் தோண்டாதீர்கள். அதைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் உண்டு. காலையில் தின்றால் வயிறு கலக்கவே மத்தியானம், சாயங்காலம் ஆகிவிடும், அது நின்றதும் குணமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்ப அடம்பிடிப்பார்கள். அதற்கப்புறம்தான் ரத்த அணுக்கள் சரியும். பிழைத்தவர்களுக்கும் இரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். முறிமருந்து எங்கள் கையில் இல்லை, அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

காட்டாமணக்குக் கொட்டை ருசியாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு கூட்டமாக வருவார்கள். குன்றிமணியைச் சின்னக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

மலையில் நடக்கும்போது கண்ணால் பாருங்கள், காதால் கேளுங்கள், வாய்க்கு வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுபோங்கள். தெரியாமல் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து, விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், தயவுசெய்து. புளிக்கரைசல், மோர் எதுவும் வேண்டாம். வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற செடியில் இலை, பூ, காய் மூன்றையும் கிள்ளி ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். "ஏதோ மஞ்சப் பூங்க" என்றால் நான் எதை நினைப்பது? கூட யார் யார் தின்றார்கள் என்று பிள்ளையிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள். அடி விழும் என்று பயந்து வாயைத் திறக்காத இன்னொருவன் வேனின் கடைசி சீட்டில் இருப்பான்.