காட்டில பாம்பு ஏன் கண்ணில படுதில்ல?

ட்ரிங்கோவில (திருகோணமலையில) இருந்து வான் பிடிச்சு சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போயிட்டு வாற கனபேர் சொல்ற கதை ஒண்டுதான், மழை பெஞ்சுது, அட்டை கடிச்சுது, மிருகம் எண்டு ஒண்டையும் காணேல்ல. ஆனா நீங்க நடந்த பாதையின்ட ரெண்டு பக்கமும் பாம்பும் தவளையும் இருந்திருக்கும், இலங்கையில நூறுக்கு மேல பாம்பு இனம் இருக்கு, அதில பாதிக்குக் கிட்ட உலகத்தில வேற எங்கயும் இல்ல. காணுறது வெளிச்சம் விழுற கோணத்திலயும் நேரத்திலயும் நடக்கிற வேகத்திலயும்தான் தங்கியிருக்கு, கண் கூர்மை எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

முதல்ல வெளிச்சத்தைப் பாப்பம். இரவில கோட்டை மானுக்கு மோட்டார்சைக்கிள் லைட் பட்டா கண் மின்னுறதை ட்ரிங்கோ ஆக்கள் எல்லாரும் கண்டிருப்பீங்க. விழித்திரைக்குப் பின்னால டபீட்டம் எண்டு ஒரு படலம் இருக்கு, உள்ள போன வெளிச்சத்தை அது வந்த வழியிலயே திருப்பி அனுப்புது. வந்த வழியில எண்டதுதான் இதில முக்கியம், டோர்ச்சை இடுப்பில பிடிச்சா அந்த மினுக்கமும் இடுப்புக்குத்தான் திரும்பி வரும், உங்கட கண்ணுக்கு வராது, அதாலதான் காட்டில வேலை செய்யிறவை நெத்தியில ஹெட் டோர்ச் கட்டுறவை, இல்லாட்டி டோர்ச்சைக் கன்னத்தோட வச்சுப் பிடிப்பினம். தேவாங்கு, முதலை, ஏன் தரையில ஓடுற சிலந்தி கூட இப்பிடி தூரத்திலயே பிடிபட்டிடும்.

பாம்புக்கு அந்தப் படலம் இல்ல. அது மின்னாது, அதால வேற மாதிரித்தான் தேட வேணும். இங்கதான் டோர்ச்சைத் தலையில இருந்து கழட்டிப் பக்கவாட்டில சரிச்சுப் பிடிக்கிறது உதவும், நேர அடிச்சா எல்லாம் தட்டையாத் தெரியும், சரிச்சு அடிச்சா இலைக்கும் கொப்புக்கும் நிழல் விழும், அந்த நிழலுக்குள்ள வளைவு ஒண்டு பொருந்தாமக் கிடந்தா அங்க நிண்டு வடிவாப் பாருங்க. பச்சைப்பாம்பு பகலில இலையோட இலையா இருக்கும், ஒரு முழத்துக்கு முன்னால கிடந்தாலும் தெரியாது, இரவில அது மெல்லிய கொப்பு நுனியில சுருண்டு நித்திரை கொள்ளும், வெளிச்சம் பட்டா சுத்தி இருக்கிற இலையை விட வெளிறித் தெரியும். பச்சோந்தியும் அப்பிடித்தான். ஏன் கொப்பு நுனி எண்டா, வேட்டையாட வாறது எதுவும் அந்தக் கொப்பை ஆட்டாம வர ஏலாது, ஆட்டம் கண்டா விழுந்து தப்பிடலாம்.

அதோட கண்ணும் பழக வேணும். லூக் டின்பெர்கன் எண்ட ஆய்வாளர் பறவைகள் புழுப் பிடிக்கிறதைப் பாத்து எழுதினது 1960இல வெளிவந்தது, ஒரு இரையைக் கொஞ்சத் தரம் கண்டாப் பிறகு அதின்ட தேடல் உருவம் மனசில பதிஞ்சிடும், பேந்து அது சுகமா அம்பிடும் எண்டு. சுளகில கல்லுப் பொறுக்கிற அம்மாமாருக்கு அரிசிக்குள்ள கல்லு மட்டும் தனியத் தெரியிற மாதிரித்தான்.

காதையும் பாவிக்க வேணும். பகலில கொண்டைக்குருவியும் அணிலும் ஒரே இடத்தைப் பாத்து விடாமக் கத்தினா அங்க பாம்போ ஆந்தையோ இருக்கலாம். இரவில தவளை கத்துற இடத்தைத் தனி ஆளாப் பிடிக்கிறது சரியான கஷ்டம், ரெண்டு பேர் நாலைஞ்சு அடி தள்ளி நிண்டு ஆளுக்கொரு பக்கத்தால டோர்ச் அடிச்சா, ரெண்டு வெளிச்சமும் வெட்டுற இடத்தில தவளை இருக்கும்.

தானாப் படம் எடுக்கிற கமராவை மரத்தில கட்டி விட்டா வேலை முடிஞ்சிடும் எண்டு நினைக்காதீங்க. அந்தக் கமராவில இருக்கிற சென்சர் பின்னணியை விடச் சூடு வித்தியாசமான ஒண்டு அசைஞ்சாத்தான் படம் எடுக்கும், பாம்பின்ட உடம்புச் சூடு தரையின்ட சூட்டோட ஒத்துப்போறதால அது முன்னாலயே ஊர்ந்து போனாலும் கமரா கணக்கெடுக்காமப் போகலாம். பாலூட்டிகளுக்கு இன்னொரு வழி இருக்கு, எனக்கு சரியான விருப்பமான விசயம் இது: 2012இல வெளிவந்த ஒரு ஆய்வில, வியட்நாம் காட்டில அட்டைகளைப் பிடிச்சு அதின்ட வயித்தில இருந்த ரத்தத்தின்ட டீஎன்ஏயைப் பாத்து, ஆக்கள் கண்ணில லேசில படாத வரி முயல் அங்க இருக்கு எண்டு கண்டுபிடிச்சிருக்கினம்.

ஒண்டும் காணாட்டி? ரெண்டு பேர் மூண்டு மணித்தியாலம் தேடினா அது ஆறு ஆள்-மணித்தியாலம், அதை எழுதி வைக்க வேணும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் கண்டதையும் காணாததையும் எழுதினாத்தான், இருந்தும் கண்ணில படாமப் போற வாய்ப்பு எவ்வளவு எண்டு கணக்குப் போட ஏலும், ஒருக்காப் போய்க் காணேல்ல எண்டு சொல்றதுக்குப் பெறுமதி இல்ல.

சிங்கராஜாவில வனத்திணைக்கள அனுமதியும் வழிகாட்டியும் இல்லாம இறங்காதீங்க, பூட்ஸ் கட்டாயம். அங்க சருகுக்குள்ள மூக்கு நுனி தூக்கின சின்னக் குழிவிரியன் சருகு நிறத்திலயே கிடக்கும், எங்கட ஆஸ்பத்திரிகளில இருக்கிற இந்திய விசமுறிவு மருந்து அதின்ட விசத்துக்கு வேலை செய்யாது. காலை வைக்க முதல் வெளிச்சத்தை அங்க வைங்க, கையைப் பொந்துக்குள்ளயும் மரக்கட்டைக்குக் கீழயும் விடாதீங்க, கடிச்சா வெட்டாம, இறுக்கிக் கட்டாம, கடிபட்ட காலை அசைக்காம நேர ஆஸ்பத்திரிக்குப் போங்க.