'கட்டாயம் வரவேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. லண்டனிலிருந்து வந்திருந்த சக ஊழியரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து அனுப்பிய செய்தியைக் கைப்பேசியில் காட்டினார். "ப்ளீஸ், யூ மஸ்ட் ஜாயின் வித் அஸ் ஃபார் லஞ்ச் டுடே வித்தவுட் ஃபெயில்." அதற்கு வந்திருந்த பதில்: "ஷூர். ஷுட் ஐ பிரிங் மை லேப்டாப்?" அலுவலகக் கூட்டம் என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். ஆசையாகக் கூப்பிட்டவருக்கு முகம் வாடிவிட்டது. "ப்ளீஸ் போட்டிருக்கிறேனே சார், பிறகு என்ன தப்பு?" என்றார்.

பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ப்ளீஸ் சேர்த்துவிட்டால் எந்த வாக்கியமும் மரியாதையாகிவிடும் என்று யார் சொன்னார்கள்? நம் ஊரில் வற்புறுத்துவதுதான் அன்பு. ஒருமுறை மட்டும் கூப்பிட்டால் ஒப்புக்குக் கூப்பிட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்வோம். வருகிறவரும் "இருக்கட்டும், பரவாயில்லை" என்றுதான் தொடங்குவார். ஆங்கிலத்தில் அன்பு வேறு இடத்தில் இருக்கிறது: வர முடியாது என்று சொல்ல எதிராளிக்கு வழி விடுவதில். மஸ்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. முன்னால் நிற்கும் ப்ளீஸ் அதைக் கெஞ்சலாக்குகிறது. வித்தவுட் ஃபெயில் சுற்றறிக்கைக்கு உரிய சொல். மரியாதை கேள்வியாகக் கேட்பதில் இருக்கிறது, ப்ளீஸில் இல்லை.

"வீ ஆர் கோயிங் ஃபார் லஞ்ச். டூ யூ வான்ட் டு ஜாயின் அஸ்?" இவ்வளவு போதும். புதியவரோ மூத்தவரோ என்றால் "வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?" ஜாயினுக்குப் பின்னால் வித் வேண்டாம், 'எங்களோடு' என்பதில் உள்ள 'ஓடு'தான் நம் நாக்கில் வித் ஆகிறது. 'காபி குடிக்கலாமா?' என்பதற்குப் பிரிட்டன்காரர் "ஃபேன்சி எ காஃபி?" என்பார், அமெரிக்கர் "வான்ட் டு கிராப் எ காஃபி?" என்பார். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், பழகும்வரை நீங்கள் சொல்ல வேண்டாம்.

"ஒய் டோன்ட் யூ ஜாயின் அஸ்?" என்பதும் அழைப்புதான். ஏன் வரவில்லை என்று கண்டிக்கிறார்கள் என எண்ணி, தலைவலி என்று காரணம் சொல்லிவிட்டு, அன்று தனியாகவே சாப்பிட்டிருக்கிறார் என் மாணவி ஒருவர். கேட்டபோது எனக்கே மனம் கனத்தது.

"வீ மஸ்ட் ஹேவ் லஞ்ச் சம்டைம்" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் விடைபெறும்போது சொல்லும் நல்ல வார்த்தை. 'ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்' என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. வெறும் 'சம்டைம்' என்பதை நம்பிக் காத்திருந்து மனம் நோகாதீர்கள்.

பில் விஷயத்தையும் முன்பே தெளிவாக்குங்கள். சக ஊழியர்கள் சேர்ந்து சாப்பிட்டால் அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது அங்கே சாதாரணம். நீங்கள் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் "இட்ஸ் மை ட்ரீட்" என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

"தாங்க்ஸ், பட் ஐ கான்ட் டுடே" என்று பதில் வந்தால், தயவுசெய்து இரண்டாம் முறை கேட்காதீர்கள். ஏன் என்றும் கேட்காதீர்கள். "நோ வொரீஸ், அனதர் டைம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.